உங்களுக்குத் தெரியுமா? கொலுசு காட்டும் நோய், மெட்டி காட்டும் நோய்

● இடுப்புக்கு மேலே ஒல்லி. கீழே கால் இரண்டும் உரல் மாதிரி பருத்திருக்கும். பாதம் மட்டும் சின்னப் பிள்ளையின் பாதம்போல மெலிந்திருக்கும். கொலுசு போடுகிற அதே இடத்தில் சதை விளிம்பு கட்டி நின்றுவிடும். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெண் இருந்தால், அவர் அதிகம் சாப்பிடுகிறவர் என்று முடிவு கட்டாதீர்கள். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு நோயாக வளரும் 'லிப்பெடிமா' அவருக்கு இருக்கலாம். இது ஆண்களுக்கு வருவது மிக அபூர்வம்.

● இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த எட்கர் ஆலன், எட்கர் ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள். ஆண்டு 1940. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி எண் கிடைத்ததோ 2022இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில். நடுவில் 82 வருடம். அத்தனை காலமும் இந்தப் பெண்களுக்குக் கிடைத்த ஒரே மருந்துச்சீட்டு, "வாயைக் கட்டு" என்பதுதான்.

● வயதுக்கு வரும்போது, பிள்ளை உண்டாகும்போது, மாதவிலக்கு நிற்கும்போது என்று உடம்பில் ஹார்மோன் மாறும் காலங்களில்தான் இது தலைகாட்டும், அல்லது கூடும். "எங்க அம்மிச்சிக்கும் இதே காலுதானுங்க, எங்கம்மாவுக்கும் இதேதானுங்க" என்று கொங்கு வீடுகளில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். மருத்துவருக்கு அது பெரிய துப்பு. பலருக்கு இது வம்சவழியாகவே வருகிறது.

● லிப்பெடிமா கால் வலிக்கும். பேரப்பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்தால்கூடப் பொறுக்க முடியாது. எங்கே இடித்துக்கொண்டோம் என்றே நினைவிருக்காது, தொடையில் நீலமாகக் கன்றியிருக்கும். பட்டினி கிடந்தால் கன்னம் ஒட்டும், மார்பு வற்றும், கழுத்தெலும்பு தெரியும், கால் மட்டும் அப்படியே நிற்கும். இதைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்தப் பெண்ணின் தட்டில் சோற்றைக் குறைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. உடற்பயிற்சியும் அளவான சாப்பாடும் அவருக்கு நல்லதுதான். கால் இளைக்கவில்லை என்பதற்காக அவரைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

● காலின் இரண்டாம் விரலில் மெட்டி போடுகிறோம் அல்லவா? பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகர மருத்துவர் ராபர்ட் ஸ்டெம்மர் 1976இல் எழுதிய சோதனை சரியாக அந்த விரலில்தான். விரலின் அடிப்பகுதித் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்க்க வேண்டும். மடிப்பாக எழும்பவே இல்லை என்றால் அது லிப்பெடிமா அல்ல, நிணநீர் தேங்குவதால் வரும் 'நிணநீர் வீக்கம்'. லிப்பெடிமாவில் தோல் சுலபமாக எழும்பும். எழும்பினால் நிணநீர் வீக்கமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆரம்ப நிலையில் ஏமாற்றும்.

கொலுசு இறுகி மெட்டி தளர்வாகவே இருந்தால் ஒரு கதை. மெட்டியே கழற்ற முடியாமல் இறுகினால் வேறு கதை. லிப்பெடிமா இரண்டு காலிலும் ஒரே அளவாக வரும். நிணநீர் வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில் தொடங்கும்.

● அழுத்தினால் குழி விழுகிற வீக்கம் என்றால் முதலில் இதயம், சிறுநீரகம், கல்லீரலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

● கீழ்பவானிப் பாசனக்காரர்களுக்குக் கசிவுநீர் என்றால் விளக்கம் வேண்டியதில்லை. வாய்க்காலில் இருந்து மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் பள்ளத்து ஓடையில் ஊறி, மறுபடியும் ஆற்றுக்கு வந்து சேரும். உடம்பிலும் இதே ஏற்பாடு. மெல்லிய ரத்தக் குழாய்களில் இருந்து சதைக்குள் கசிகிற நீரை வாரிச் சேர்த்து, ரத்தத்துக்கே திருப்பித் தருபவை நிணநீர் நாளங்கள். ஒரு நாளைக்கு 2 முதல் 4 லிட்டர் வரை இப்படித் திரும்புகிறது. கால் இரண்டின் கசிவும் வயிறு, நெஞ்சு வழியே ஏறி, இடது கழுத்தெலும்புக்குப் பின்னாலுள்ள பெரிய சிரையில் போய் விழும். இதைத் தள்ளத் தனி இதயம் கிடையாது. நாளத்தின் சுவர் தானே சுருங்கும். கெண்டைக்கால் தசை பிழியும். நாம் இழுக்கிற மூச்சு உறிஞ்சும். பனியன் கம்பெனியிலும் மில்லிலும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறவர்களுக்குச் சாயங்காலம் கால் கனப்பது, பிழிகிற தசைக்கு வேலை இல்லாததால்.

● 'நிணம்' என்றால் பழந்தமிழில் கொழுப்பு. ஆங்கிலத்தின் 'லிம்ஃப்' என்பதற்கு நிணநீர் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! சாப்பாட்டிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி குடலில் இருந்து ரத்தத்துக்கு நேரே போவதில்லை, நிணநீர் வழியாகத்தான் போகிறது. 1622இல் இத்தாலியின் காஸ்பரே அசெல்லி, அப்போதுதான் தீனி தின்ற ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடலைச் சுற்றிப் பால்போல வெள்ளை இழைகள் ஓடுவதைக் கண்டார். கொழுப்பைச் சுமந்த நாளங்கள்தான் அவை.

● காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். வேறொன்றுமில்லை, நிணநீர்க் கணு வீங்குவதுதான். கிருமியை மேலே போகவிடாமல் மறிக்கிற காவல். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை எடுத்துவிட்டாலோ கதிர்வீச்சு கொடுத்தாலோ, அந்தக் கை பின்னாளில் வீங்கக்கூடும். வளையல் இறுகும்போதே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

● கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் யானைக்கால் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். சாக்கடைக் கொசு கொண்டுவரும் புழு நிணநீர் நாளத்துக்குள் வருடக்கணக்கில் குடியிருந்து அதைக் கெடுத்துவிடும். இதற்கு இன்றும் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரை, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் நடத்திய குழு தந்தது. தஞ்சை மருத்துவக் கல்லூரியின் ஜமால், அடைபட்ட நிணநீரைச் சிரைக்குத் திருப்பிவிடும் அறுவை சிகிச்சையை யானைக்கால் நோயாளிகளுக்குச் செய்து, 1980களின் தொடக்கத்திலேயே உலகுக்கு எழுதினார். இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

● மயக்க மருந்து நிபுணர் ஜே.ஜி.சண்முகநாதன் 1978இல் கோவையில் தொடங்கிய கங்கா மருத்துவமனையைத் துண்டான கையை ஒட்டவைக்கிற இடமாகத்தான் பலருக்குத் தெரியும். எஸ்.ராஜ சபாபதி வளர்த்த அதே பிளாஸ்டிக் சர்ஜரி துறை, நிணநீர் வீக்கத்துக்கும் அறுவை சிகிச்சை செய்கிறது. உடம்பின் வேறொரு இடத்தில் இருந்து கணுவை ரத்தக் குழாயோடு எடுத்து, வீங்கிய காலில் நடுவது ஒரு முறை. நிணநீர் நாளத்தைப் பக்கத்துச் சிரையோடு தைப்பது இன்னொரு முறை. அந்த நாளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். நாளம் எங்கே ஓடுகிறது என்று காண ஒரு பச்சைச் சாயத்தைத் தோலில் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பார்கள். கோடு கோடாக ஒளிரும்.

● லிப்பெடிமாவுக்கு அறுவை சிகிச்சை வேறு. அது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன். மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்புநீரைக் காலுக்குள் நிறைய ஏற்றி, சதை ஊறிய பிறகு மழுங்கிய முனைக் குழாயால் எடுப்பார்கள். இந்த முறையை 1980களில் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவின் ஜெஃப்ரி கிளைன். குழாயைக் காலின் நீளவாக்கிலேயே ஓட்ட வேண்டும். குறுக்கே ஓட்டினால் நிணநீர் நாளம் அறுந்து, இல்லாத நோயையும் இழுத்து வைத்துவிடும். ஒரே நாளில் முடியாது, பல தடவையாகத்தான் செய்வார்கள். இதை அழகுக்குச் செய்வது என்று சொல்லித் தட்டிக் கழிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: முற்றிய நிலை லிப்பெடிமாவுக்கு இந்தச் செலவை ஜெர்மனியின் பொதுக் காப்பீடு 2020 முதல் ஏற்கிறது.

● திருப்பூர்க்காரர்களுக்கு இது பிடிக்கும். சுருள்சிரை நோய்க்குப் போடும் அழுத்தக் காலுறை வட்டப் பின்னல் மெஷினில் வருவது. பனியன் துணி மாதிரி, தையலே இருக்காது. லிப்பெடிமாவுக்கும் நிணநீர் வீக்கத்துக்கும் அது போதாது, மடிப்புக்குள் சுருண்டு வெட்டும். தட்டைப் பின்னல் வேண்டும். டி-ஷர்ட் காலர் பின்னுகிறார்களே, அந்த வகை. ஒவ்வொரு வரிசைக்கும் கண் கூட்டிக் குறைத்து, காலின் அளவுக்கே பின்னி, பின்னால் ஒரு தையல் போடுவார்கள்.

● தண்ணீரும் ஒரு காலுறைதான். இடுப்பளவு, அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் நின்றால் பாதத்தில் சுமார் 73 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் விழும். மேலே வர வர அது குறையும். அழுத்தக் காலுறை செய்கிறவர்கள் பின்பற்றுவதும் இதே ஏற்பாடு, கணுக்காலில் கூடுதல், தொடையில் குறைவு. நம் ஊர்க் கிணற்றில் நீச்சலடித்து ஏறியதும் கால் பஞ்சாக இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வது இதனாலும் இருக்கலாம்.