கல்லூரிச் சுவருக்கு வெளியே ஓடும் நதி

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் நெல்லையை அடுத்த அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க வருகிறவர்களோ தென்காசி மாவட்டம் ஆழ்வார்குறிச்சிக்குப் போக வேண்டும். சிவசைலத்து அம்மனின் பெயரைத் தாங்கிய ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் அங்கேதான் இயங்குகிறது. மேற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்து மலைகள். ஊரை ஒட்டிக் கடனா நதி.

இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. மரம் நடுவது, மழைநீர் சேமிப்பது, கூரையில் சோலார் தகடு மாட்டுவது எல்லாமே ஒரு வளாகத்துக்கு அவசியம்தான். ஆனால் வளாகத்தை விட்டு வெளியேறும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

அதைப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி புகாமல் ஆற்றுநீரைப் பிடிக்கிறார்கள். மாங்கனீசு சல்பேட்டும், காரம் கலந்த அயோடைடும் சேர்த்துக் குலுக்கினால் வீழ்படிவு இறங்கும். பழுப்பு நிறமென்றால் நீரில் உயிர்க்காற்று இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். சாக்கடை கலக்கக் கலக்க இந்த அளவு இறங்கும்.

கடனா நதி கீழே திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. கோயிலைச் சுற்றிய மருதமரங்களில் கூடுகட்டும் பறவைகளை ஊரார் காத்துவந்ததால், 2005-இல் நாட்டின் முதல் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பைனாகுலரும் குறிப்பேடுமாகக் கரையேறும் தன்னார்வலர்களில் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். வகுப்பறையில் படித்த உணவுச்சங்கிலியை நத்தைகுத்தி நாரை நேரில் காட்டிவிடுகிறது.

குற்றாலத்துக்கும் இந்தப் படிப்பு வேண்டும். அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்த 2014-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. தடையால் பலன் உண்டா என்பதைத் தண்ணீரைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். குற்றாலத்திலேயே ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. சாரல் தொடங்கும் முன்பும், கூட்டம் நெரியும் நாட்களிலும், சீசன் முடிந்த பிறகும் மாணவிகள் நீரெடுத்துச் சோதித்து, முடிவைப் பேரருவி வாசலில் எழுதிவைக்கலாம். பேரருவியில் குளித்த தண்ணீர் சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் விழுகிறது. அதற்கும் கீழே தூத்துக்குடி மாவட்டத்து ஊர்கள் அந்த ஆற்றைத்தான் குடிக்கின்றன.