கொத்தளத்தின் நிழலில் கிடக்கும் சிப்பாய்

மூலக்கொத்தளம் என்ற பெயர் யுத்தத்தில் பிறந்த பெயர். 1758-59-இல் பிரெஞ்சு சேனாபதி லாலி சென்னையை முற்றுகையிட்டுத் திரும்பிய பிற்பாடு, கும்பினியார் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினர். அம்மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே இன்று பேட்டையின் பெயராயிருக்கிறது. மதிலுக்கென்று யோசித்த வரி வசூலாகவேயில்லை. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

இங்கிருந்து திருவொற்றியூர் வரையில் நடைபாதையில் இரவு கழிப்போருள் பட்டாளத்தில் சேவித்தவர் எத்தனை பேர்? ஜனத்தொகைக் கணக்கில் வீடற்றோரையும் எண்ணுகிறார்கள். 2011-இல் பிப்ரவரி 28-ந் தேதி இரவு எண்ணினார்கள். ஆனால், 'நீர் சேனையில் இருந்தீரா?' என்ற கேள்வி அதில் கிடையாது. கேளாத கேள்விக்கு விடை எங்கிருந்து வரும்?

பட்டாளத்தாருக்குப் பென்ஷன் உண்டே, அவர்கள் ஏன் தெருவில் கிடக்கவேண்டும் என்று நேயர்கள் வினவலாம். சாதாரணச் சிப்பாய்க்கு 15 வருஷ ஊழியம் பூர்த்தியானால்தான் ஊழியப் பென்ஷன். அதற்கு முன்னரே குடும்பக் கஷ்டத்தாலோ வேறு காரணத்தாலோ விலகினவன் வெறுங்கையுடன் வருகிறான். அத்தகையோரில் 65 வயது கடந்து, ஹவில்தார் பதவிக்கு மேற்படாமல், வருவாயற்றிருப்போருக்கு மத்திய சர்க்கார் வறுமை நிதி அளிக்கிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை 2025 நவம்பர் முதல் 8,000 ஆக்கப்பட்டது. மெச்சத்தக்க காரியமே. ஆனால் அதைப் பெறும் வழியைப் பாருங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மூலம், டிஸ்சார்ஜ் புத்தகம், அடையாள அட்டை, பாங்குக் கணக்கு இவற்றோடு கம்ப்யூட்டரில் மனுச் செய்யவேண்டுமாம்! மழையில் மூட்டை நனைந்து, புத்தகத்தையும் தொலைத்துவிட்ட கிழவன் எந்த விலாசத்தை எழுதுவான்?

மற்றொரு புறம், லட்சம் ஜனங்களுக்கு ஒன்றாக, வருஷம் முழுதும் இரவும் பகலும் திறந்திருக்கும் விடுதி வேண்டும் என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. சென்னைக் கார்ப்பரேஷனும் தர்ம ஸ்தாபனங்களின் துணைகொண்டு விடுதிகள் நடத்துகிறது. விடுதி ஓரிடம், நல அலுவலகம் வேறிடம். இரண்டையும் இணைக்கும் பாலந்தான் இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பாலத்தைப் போட்டார்கள். வீட்டு வசதி இலாகா வாடகைக்கு உதவ, முன்னாள் வீரர் இலாகா வைத்தியத்தையும் மேற்பார்வையையும் ஏற்கும் கூட்டுத் திட்டத்தை 2008 முதல் விரிவாக்கினார்கள். 2010-இல் 74 ஆயிரமாயிருந்த வீடற்ற வீரர் தொகை 2024-இல் 33 ஆயிரத்துக்குக் கீழே இறங்கிற்று. அவர்கள் செல்வம் நமக்கில்லை என்பது மெய். ஆனால் இரண்டு இலாகாக்கள் ஒரே மேஜையில் உட்கார அதிகச் செல்வம் தேவையில்லை.

அத்தாட்சி விஷயத்திலும் நமக்கு முன்மாதிரி உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவிலும் பர்மாவிலும் சேர்ந்த தமிழர் எத்தனையோ பேர். அந்தச் சேனையினர் 1947-க்குப் பிறகும் சுதந்திர பாரத சேனையில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. தேச விடுதலை வீரர் பென்ஷன் 1972-இல்தான் வந்தது. கால் நூற்றாண்டு காக்கவைத்தது தேசத்துக்கு அழகன்று. ஆயினும் சிறைக் காகிதம் கிடைக்காதவருக்கு உடனிருந்த கைதிகளின் அத்தாட்சியை அத்திட்டம் ஏற்றுக்கொண்டது. அதே நியாயம் சிப்பாய்க்கு ஏன் கூடாது? சிப்பாய் தன் ஊரை மறந்தாலும் பட்டாள நம்பரை மறவான். வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டைப் போல் ஒவ்வொரு பிரிவுக்கும் தஸ்தாவேஜு ஆபீஸ் உண்டு. நம்பரை எழுதிக் கேட்டால் ஊழிய விவரத்தைத் தேடி எடுக்கலாம். அக்கடிதத்தை நல அலுவலகமே எழுதட்டும். விடுதியின் விலாசமே மனுதாரரின் விலாசமாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு குமாஸ்தா ராயபுரம் பக்கத்து விடுதிகளுக்கு நேரில் சென்று வந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

தாமதத்துக்கு இது சமயமன்று. 2022-இல் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தோருக்கு ஊழியம் நான்கே வருஷம். நால்வரில் ஒருவருக்கு மேல் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதில்லை. மற்றவர்களுக்குச் சுமார் 11.7 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும், பென்ஷன் இல்லை. திட்ட விதிகளின்படி முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை. முதலில் சேர்ந்தவர்களின் காலம் 2026 கடைசி முதல் முடிகிறது. பிழைப்புத் தேடித் துறைமுகப் பக்கம் வரும் வாலிபருள் இவர்களும் இருப்பர். கார்ப்பரேஷனார் தங்கள் விடுதிப் பதிவேட்டில் 'பட்டாள நம்பர்' என்று ஒரு பத்தியைச் சேர்க்க ஒரு தீர்மானமே போதும். அடுத்த கூட்டத்திலேயே அதை நிறைவேற்றலாம்.