காதில் விழுந்த துப்பு காகிதத்தில் ஏற வேண்டும்

பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டில் ராத்திரியில் கஞ்சா மூட்டை இறங்குகிறது என்று போலீசிடம் சொல்கிறீர்கள். அந்தத் தகவல் அடுத்து எங்கே போகும்?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இதற்கு வழி வகுத்திருக்கிறது. அதன் 42-ஆம் பிரிவின்படி, வீட்டைச் சோதனையிட வரும் அதிகாரி, கிடைத்த துப்பை எழுதி வைக்க வேண்டும். நகலை 72 மணி நேரத்துக்குள் தன் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். யாரையாவது கைது செய்தால், பொருளைக் கைப்பற்றினால், 48 மணி நேரத்துக்குள் முழு அறிக்கையும் கொடுக்க வேண்டும்.

எதற்கு இத்தனை எழுத்து வேலை? இந்தச் சட்டத்தில் வாரண்ட் (சோதனைக்கான எழுத்து உத்தரவு) இல்லாமலே வீட்டுக்குள் நுழைய முடியும். அவ்வளவு அதிகாரம் உள்ளவர் பிறகு கதை கட்டிவிடக் கூடாது அல்லவா? அதற்குத்தான்.

எழுதாமல் விட்டால்? குற்றவாளியே தப்பிவிடலாம். 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் இதைத் தெளிவாக்கினார்கள்: தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஏற்கலாம், அறவே செய்யாமல் விட்டால் ஏற்க முடியாது.

'என் பெயர் வெளியே வந்துவிடுமோ?' துப்பு யார் தந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 68-ஆம் பிரிவு. நேரில் போகத் தயங்கினால் 1933 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

பிடிக்காதவரை மாட்டிவிடலாமா? வேண்டாம். வன்மத்தோடு பொய்த் தகவல் சொல்லி, அதனால் சோதனையோ கைதோ நடந்தால் 58-ஆம் பிரிவின்படி உங்களுக்கு 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். தக்க காரணமில்லாமல் வீடு புகும் அதிகாரிக்கும் இதே பிரிவில் தண்டனை உண்டு.

'நமக்கேன் வம்பு' என்று இருந்துவிடலாமா? எல்லோராலும் முடியாது. உங்கள் நிலத்தில் கஞ்சாச் செடி பயிராவது தெரிந்தால் உடனே தகவல் சொல்வது கடமை. தெரிந்தும் மறைத்தால் குற்றம். ஊராட்சி, கிராம அலுவலர்களுக்கும் தகவல் சொல்லும் கடமை உண்டு. தெரிந்தே வீட்டைப் போதைப்பொருள் தொழிலுக்கு விட்டால், உரிமையாளருக்கும் தண்டனை.

சோதனை உங்களிடமே வந்தால்? கலங்க வேண்டாம். உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி (அரசிதழில் பெயர் வரும் உயர் அலுவலர்) அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த உரிமையை அவர்களே உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எந்தக் காகிதத்தை நீட்டினாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.