கேமரா வாங்கியாயிற்று, பார்ப்பது யார்?

2023 மே 2-ஆம் தேதி காலை டெல்லி திகார் சிறையில் விசாரணைக் கைதி ஒருவரை எதிர்க்கும்பலைச் சேர்ந்த கைதிகள் குத்திக் கொன்றார்கள். முதல் மாடியின் இரும்புக் கம்பியை அறுத்து, படுக்கை விரிப்பைப் பிடித்துக் கீழே இறங்கி வந்திருக்கிறார்கள். எல்லாமே கேமராவில் பதிவாகியிருந்தது. குற்றுயிராகக் கிடந்தவரைத் தூக்கி வந்த பிறகு, காவலர்கள் கண்ணெதிரிலேயே மறுபடியும் தாக்கியது அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வெளியே தெரிந்தது. அங்கே பாதுகாப்புப் பணிக்குப் போயிருந்த நம் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

சிறை நிர்வாகம் மாநில அரசின் பொறுப்பு. ஆனாலும் பாதுகாப்பை மேம்படுத்த மத்திய உள்துறை அமைச்சகம் மானியம் தருகிறது. 2002-03 தொடங்கி 2008-09 வரை நடந்த திட்டத்தின் மதிப்பு 1,800 கோடி ரூபாய். மத்திய அரசு முக்கால் பங்கு, மாநிலங்கள் கால் பங்கு. அதில் புதிய சிறைகள் கட்டினார்கள். 2021-22 முதல் 2025-26 வரைக்கான சிறை நவீனமயமாக்கல் திட்டத்துக்கு 950 கோடி. இம்முறை கருவிகளுக்கே முதலிடம்: உடலில் அணியும் கேமரா, மெட்டல் டிடெக்டர், பைகளைச் சோதிக்கும் ஸ்கேனர், செல்போன் ஜாமர், வீடியோ கான்பரன்சிங்.

இவையெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. 1999 நவம்பரில் சென்னை மத்திய சிறையில் நடந்த கலவரத்தில் துணை ஜெயிலர் எரித்துக் கொல்லப்பட்டார். கைதிகள் பலர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குப் புதிதாகக் கொண்டுவரப்பட்ட விசாரணைக் கைதி ஒருவரைச் சக கைதிகளே அடித்துக் கொன்றார்கள். பாதுகாப்பு கைதிக்கும் வேண்டும், காவலருக்கும் வேண்டும். ஆனால் சிறைப் பாதுகாப்பு என்றதும் தப்பி ஓடாமல் தடுப்பது மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. உள்ளே இருப்பவர் உயிரோடு, அடிபடாமல் திரும்பி வருவதும் அதே பாதுகாப்புதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள்.

எல்லாச் சிறைகளிலும் கேமரா பொருத்த வேண்டும் என்று, காவல் மரணங்கள் தொடர்பான டி.கே. பாசு வழக்கில் 2015-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிகபட்சம் இரண்டு ஆண்டு அவகாசம். கேமரா இருந்தும் பதிவு கிடைக்காமல் போவதுதான் பல வழக்குகளில் சிக்கல். பதிவுக் கருவியின் நினைவகம் நிரம்பியதும் பழைய காட்சியின் மேலேயே புதிய காட்சி பதிவாகிவிடும். அதனால் சிறையில் மனு போட்டுச் சந்திக்கப் போன இடத்தில் மகன் முகத்தில் வீக்கம் தெரிந்தால், அன்றைக்கே சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த பிளாக் என்று குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். அதன் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. கடிதம் சட்ட நடையில் இருக்க வேண்டியதில்லை. சக கைதி சித்திரவதைக்கு ஆளானதைச் சொல்லி சுனில் பத்ரா என்ற கைதி எழுதி அனுப்பிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது.

வீடியோ கான்பரன்சிங் எனக்கு இன்னும் பெரிய கவலை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவின்படி போலீஸ் காவலுக்கு அனுப்புவதென்றால் ஆளை நேரில் நிறுத்தியே ஆக வேண்டும். நீதிமன்றக் காவலை நீட்டிக்கும்போது திரை வழியாக நிறுத்தலாம். வழிக்காவலுக்குப் போலீஸ் தேட வேண்டாம், செலவு மிச்சம். ஆனால் பக்கத்தில் சிறைக் காவலர் நிற்கும்போது, "நேற்று இரவு என்னை அடித்தார்கள்" என்று எந்தக் கைதி வாய் திறப்பார்? சட்டைக்குள் இருக்கும் காயம் திரையில் தெரியாது. காயம் இருந்தால், அவரை நேரில் வரவழைத்து மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடும்படி வழக்கறிஞர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். சிறையில் உடல் சோதனை என்ற பெயரில் அவமானப்படுத்துவதற்கும் அனுமதி இல்லை: பெண் கைதியைப் பெண் ஊழியர்தான் சோதிக்க வேண்டும் என்பது 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்திலேயே இருக்கிறது.

மானியம் எங்கே போனது என்று கேட்க உறவினராக இருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் பொதுத் தகவல் அலுவலரிடம் இவற்றைக் கேட்கலாம்: வாங்கிய கேமராக்கள் எத்தனை, அதில் இன்று இயங்குபவை எத்தனை, பராமரிப்பு ஒப்பந்தம் என்றுவரை, கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர், மத்திய அரசுக்கு அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழின் நகல். கேமரா எந்த மூலையில் இருக்கிறது என்பதைச் சொல்ல மறுக்கலாம். செலவுக் கணக்கை மறைக்கப் பாதுகாப்பு ஒரு காரணமே அல்ல. சொல்லக்கூடிய பகுதியைப் பிரித்துத் தர வேண்டும் என்று சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

ஸ்கேனரையும் ஜாமரையும்விடப் பெரிய பாதுகாப்பு, உள்ளே இருக்கத் தேவையில்லாதவரை வெளியே அனுப்புவது. அந்த வழிக்கு ஒதுக்கிய பணம் மிகக் குறைவு. ஏழைக் கைதிகளுக்கான மத்திய உதவித் திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 கோடிதான். அதில் ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் உதவி கிடைக்கும். அதோடு, சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. அவர் எழுதினாரா என்று கேட்பது குடும்பத்தின் உரிமை.

காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். கைதியின் பெயர், எந்தச் சிறை, குற்ற எண், கைதான தேதி ஆகிய இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.