கட்டடங் கடந்தும் அறாத வைஃபைத் தொடர்பு

பெரிய வைத்தியசாலையொன்றில் தாதியொருவர் வைஃபைத் தொலைபேசியிற் பேசிக்கொண்டே அடுத்த கட்டடத்துக்கு நடக்கின்றார். அணுகுபுள்ளிகள் மாறுகின்றன, அவற்றை ஆளுங் கட்டுப்படுத்தியும் மாறுகின்றது. பேச்சு அறாதிருப்பது எங்ஙனம்?

எப்புள்ளியைப் பற்றுவதென்று தீர்மானிப்பது தொலைபேசியேயன்றி வலையமைப்பன்று. பலர் இதனை மாறாகக் கருதுவர். கட்டுப்படுத்திகள் செய்யத்தக்கது, வருவதை ஏற்க முன்னரே ஆயத்தமாயிருத்தலே. இரண்டும் ஒரே உபவலையைச் சார்ந்தனவாயின் தொலைபேசியின் பதிவு புதியதற்குக் கைமாறும். உபவலை வேறாயின் பழையதே நங்கூரமாய் நிற்க, தரவு இரண்டுக்குமிடையே சுரங்கவழியாற் செல்லும். தொலைபேசி தன் ஐ.பி. முகவரியை இழப்பதில்லை.

சிஸ்கோவின் ஏர்ஓஎஸ் வகைக் கட்டுப்படுத்திகளில் இதற்கெனக் குழுப்பெயர் ஒன்றுண்டு. பேரெழுத்துஞ் சிற்றெழுத்தும் பிறழாது அதனை எல்லாவற்றிலும் பொறித்தல் வேண்டும்; ஒன்றன் முகவரியை மற்றையவற்றிற் பதிதலும், இடைநிற்குந் தீச்சுவர் யூ.டி.பி. 16666 ஆம் வாயிலை மறியாதிருத்தலும் வேண்டும். எல்லாவற்றிற்கும் பொதுவாயிருக்க வேண்டிய மெய்ந்நிகர் முகவரி ஒன்றில் வேறுபடின் நேர்வதே மிகத் தொல்லையான பிழை: மாற்றம் நிகழ்ந்ததுபோலத் தோன்றும், ஆயின் கைமாற்றம் முற்றுப்பெறாது, தொடர்பு சிறிது நேரம் அற்றுப்போம். இதனை அலைவலிமைக் குறையென மயங்கி அணுகுபுள்ளிகளைப் பெருக்குவோர் வீணே பொருள் செலவிடுவர்.

ஒவ்வொரு மாற்றத்திலும் முழு அடையாளச் சோதனை நிகழினும் பேச்சுத் தடைப்படும். 2008 இல் வெளியான 802.11ஆர் நியமம் இத்தாமதத்தைச் சுருக்கிற்று. அதனை அறியாத பழைய கருவிகள் சில இணையவே மறுக்குமாதலின், அவற்றிற்குத் தனி வலைப்பெயர் அமைத்தல் நன்று.