மரங்கள் மறைத்த ஓடை

மலைக்காட்டில் ரயில் பாதைக்கு எப்படி இடம் பார்ப்பீர்கள் என்று சங்கத்து அன்பர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. முதலில் வரைபடம், பிறகு நடை. இதில் எதைக் குறைத்தாலும் ஆபத்துதான்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறக் கோடுகளைச் சமஉயரக் கோடுகள் என்கிறோம். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து. ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடு மடங்கி, அதன் முனை நீர் வரும் திசையைக் காட்டும்.

இந்தக் கோடுகளைப் பெரும்பாலும் விமானப் படங்களிலிருந்து வரைந்தார்கள். ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். ஆனால் அடர்ந்த காட்டில் தெரிவது மரத்தின் உச்சிதான். மர உயரத்தை உத்தேசமாகக் கழித்துத்தான் தரையைக் கணக்கிட வேண்டும். பள்ளத்திலுள்ள மரங்கள் வெளிச்சம் தேடி உயரமாக வளர்வதால், மேலிருந்து பார்த்தால் எல்லாம் சமமாகத் தோன்றும். அடுத்தடுத்த கோடுகளுக்கிடையே 20 மீட்டர் வித்தியாசம் இருந்தால், 10 மீட்டர் ஆழப் பள்ளம் தாளில் ஏறாமலே போகலாம்.

இதை நான் அறிந்தது அஸ்ஸாமில். ஜதிங்கா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே சென்ற மீட்டர்கேஜ் பாதையை அகலப்படுத்தும் பணி அது. ஓரிடத்தில் தாளில் ஓடை எதுவும் இல்லை; அதனால் நானும் சிறுபாலம் குறிக்கவில்லை. எங்களுக்குச் சங்கிலி பிடித்த உள்ளூர்ப் பெரியவர், "மழையில் இங்கே ஆள் நிற்க முடியாது, பாபு" என்றார். புதரை வெட்டிப் பார்த்தால், இரண்டு ஆள் உயரத்துக்கு நீர் அரித்த பள்ளம்! அன்று அவர் பேசாமலிருந்தால், கரை கட்டிய முதல் மழையிலேயே அது போயிருக்கும்.

அந்த அகலப்பாதை 2015-ல் திறக்கப்பட்டது. 2022 மே மாத மழையில் நியூ ஹாஃப்லாங் நிலையத்தில் வெள்ளமும் சேறும் புகுந்து, நின்றிருந்த ரயில் பெட்டிகளையே சாய்த்தன. அந்த மலையில் நீரின் வலிமை அத்தகையது.

இன்று விமானத்திலிருந்து லேசர் கதிர்களை அனுப்பி அளக்கும் லைடார் முறை வந்துவிட்டது. இலை இடுக்குகளில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும் கதிர்களைப் பிரித்தெடுத்தால் காட்டின் தரை தெரியும். எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் பாதிக் கவலை குறைந்திருக்கும். ஆனாலும் இளம் பொறியாளர்களுக்கு ஒன்று சொல்வேன்: தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலமாவது அந்தத் தடத்தில் நடந்து பாருங்கள், ஊர்க்காரரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.