கல்கியின் சரித்திர நவீனங்கள்: எதனை முதலில் படிப்பது?

தமிழ்நாட்டினின்றும் பெயர்ந்து பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் புத்தக அலமாரியில், திருக்குறளுக்கு அடுத்தபடியாக நாம் எதிர்பார்க்கக்கூடியது கல்கியின் சரித்திர நவீனங்களுள் ஏதேனும் ஒன்றாகும். அது எந்த ஒன்று என்பதில்தான் தொல்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கப்பல் பயணத்துக்கு அப்பாலுள்ள தென் அந்தமானில், புரோத்ராபூர் போன்றதோர் ஊரை எண்ணிப் பாருங்கள். கடைத்தெருவிலே இந்தியும் வங்காளியும் ஒலிக்கின்றன. பள்ளியிலே பிற மொழி பயிலும் பிள்ளைக்குப் பெற்றோர் மாலை நேரங்களில் வீட்டிலேயே தமிழ் எழுத்தைக் கற்பித்திருக்கின்றனர். இனி அப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டிய முதற் பெரிய கதை எது? முதல் நூல் சலித்துப் போகுமாயின் இரண்டாம் நூலுக்கு இடமே இராது. ஆகையால் இது சில்லறைக் கேள்வி அன்று.

கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய பெரிய சரித்திரக் கதைகள் மூன்று. பார்த்திபன் கனவு 1941 முதல் 1943 வரையிலும், சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரையிலும், பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரையிலும் ‘கல்கி’ வார இதழில் தொடர்கதைகளாக வெளிவந்தன. அந்த 1954ஆம் ஆண்டு டிசம்பரிலேயே ஆசிரியர் காலமானார். இது எழுதப்பட்ட வரிசை. கதை நிகழும் காலமோ வேறு. சிவகாமியின் சபதம் மகேந்திர பல்லவர் காலத்தில் தொடங்கி, அவர் மைந்தர் மாமல்ல நரசிம்மர் 642ஆம் ஆண்டில் வாதாபியை வெல்லும் வரையில் செல்கிறது. பார்த்திபன் கனவு, அதே மாமல்லர் நடுவயது கடந்து புகழோடு ஆளும் பிற்காலத்துக் கதை. அதாவது பின்னே நிகழ்ந்ததை ஆசிரியர் முன்னே எழுதிவிட்டார். பொன்னியின் செல்வன் இவ்விரண்டுக்கும் முந்நூறு ஆண்டுகள் பிற்பட்ட சோழர் கதை.

எனவே வாசகர்கள் இரு கட்சியாகப் பிரிகின்றனர். சரித்திர வரிசையே முறையென்பது ஒரு கட்சி. எழுதிய வரிசையே முறையென்பது மற்றொரு கட்சி. இவ்வழக்கு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா என்னும் மாய உலகக் கதைகள் ஏழு. அவற்றுள் 1950இல் முதலில் வெளிவந்த கதையிலே, பனி படர்ந்த காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருப்பதைச் சிறுமி ஒருத்தி கண்டு திகைக்கிறாள். அவ்விளக்கு அங்கு வந்த வரலாற்றை 1955இல் வந்த நூலில்தான் ஆசிரியர் கூறினார். பிற்காலப் பதிப்பாளர் கதைக்கால வரிசைப்படி எண்ணிட்டு, அந்த 1955ஆம் ஆண்டு நூலை முதலாவதாக வைத்தனர். லூயிஸும் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் கதைக்கால வரிசையை ஆதரித்தார் என்பது உண்மையே. ஆயினும், விளக்கின் காரணத்தை முன்பே அறிந்தவனுக்கு அந்தக் காட்டிலே திகைப்பு ஏது?

இந்த அளவுகோலையே நாம் கல்கிக்கும் வைத்துப் பார்க்கலாம். பார்த்திபன் கனவிலே சிவனடியார் ஒருவர் வருகிறார். அவர் உண்மையில் யார் என்பதே கதையைத் தாங்கும் தூண். சிவகாமியின் சபதத்தை முன்னரே படித்தவர், பல்லவ மன்னர்களின் மாறுவேட வழக்கத்தை நன்கு அறிந்திருப்பர். சில அத்தியாயங்களிலேயே அந்தத் தூணை அசைத்துவிடுவர். மறுபுறத்தில், பார்த்திபன் கனவின் இறுதியில் கபாலிகன் ஒருவனைப் பற்றி வெளிப்படும் செய்தி, சிவகாமியின் சபதத்திலே வரும் முக்கியமான ஒருவரின் பிற்கால நிலையைச் சொல்லிவிடுகிறது. இரு வழியிலும் சிறிது இழப்பு உண்டு. இதை மறைப்பதில் பயனில்லை.

எந்த இழப்பு சிறியது? சிவகாமியின் சபதம் முடிவை ஒளித்து வைக்கும் கதையன்று. வாதாபி எரியும் என்பது சரித்திரம். சபதம் உண்டு என்பதைத் தலைப்பே கூறிவிடுகிறது. ஆயனச் சிற்பியின் மகள் தன் சபதம் நிறைவேறுவதற்கு என்ன விலை கொடுக்கிறாள் என்பதே அதன் உயிர். மாமல்லரைப் பெருமன்னராக முன்பே அறிந்த வாசகர், அவரது இளமைக் காதலைப் படிக்கும்போது, இவர் எதை இழந்து அந்தப் பெருமையை அடைந்தார் என்று வருந்துவர். அவ்வருத்தம் கதைக்கு ஆழம் சேர்க்கிறது. ஆகவே நமது தீர்ப்பு எழுதிய வரிசைக்கே: முதலில் பார்த்திபன் கனவு, பிறகு சிவகாமியின் சபதம், அதன்பின் பொன்னியின் செல்வன்.

பார்த்திபன் கனவுக்கு வேறு தகுதிகளும் உண்டு. மூன்றனுள் அதுவே சிறியது, நடையும் எளியது. தீவில் வாழ்வோருக்கு அதில் தனியானதோர் உரிமையும் இருக்கிறது. கப்பம் கட்ட மறுத்து வெண்ணாற்றங்கரையில் உயிர்நீத்த சோழன் பார்த்திபனின் மைந்தன் விக்கிரமன், கடல் கடந்து செண்பகத் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். அங்கே வாழ்வோரும் தமிழரே. அங்கு அவனுக்கு அரசே கிடைக்கிறது. ஆயினும் காவிரிக்கரை நினைவு அவனை விடுவதில்லை. செண்பகத் தீவு ஆசிரியரின் கற்பனை. வரைபடத்தில் தேட வேண்டா. அந்த ஏக்கம் கற்பனையா என்பதைப் புரோத்ராபூர் வாசகரே சொல்லட்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பார்த்திபன் கனவில் வரும் குந்தவி பல்லவ இளவரசி, மாமல்லரின் மகள். பொன்னியின் செல்வனில் வரும் குந்தவை சோழ இளவரசி, சுந்தர சோழரின் மகள். ஓரெழுத்து மாற்றம், முந்நூறு ஆண்டு இடைவெளி. இளம் வாசகர்க்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம்.

2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்த திரைப்படத்தைக் கண்டு, பொன்னியின் செல்வனையே முதலிற் படிக்க விழைவோர் பலர். அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. பல்லவர் கதைகளை அறியாதவர்க்கும் அது முழுமையாக விளங்கும். ஆனால் அதன் ஐந்து பாகங்களுக்குள்ளே வரிசை மீறலாகாது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாக சிகரம் என்பதே முறை. நூலகத்திலே சுழற்காற்று வெளியே போயிருக்கிறது, கொலைவாள் கிடைக்கிறது என்றால், திரும்பி வரும்வரை காத்திருங்கள். வார இதழில் படித்தவர்கள் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தார்கள் அல்லவா? மொத்தம் 293 அத்தியாயங்கள். நாளுக்கொன்றாக இரவு உணவுக்குப்பின் ஒருவர் படிக்க மற்றையோர் கேட்டால், பத்து மாதத்திற்குள் முடிந்துவிடும். நூலின் கடைசியிலுள்ள முடிவுரையை மட்டும் முன்னதாகப் புரட்டாதீர்கள். பாத்திரங்களின் பிற்கால வாழ்வு அங்கே கூறப்பட்டிருக்கிறது.

அதற்கும் அப்பால் செல்ல விரும்புவோர்க்குப் பிற ஆசிரியர்கள் உண்டு. இராஜராஜன் பெரிய கோயில் எழுப்பிய காலத்தைப் பாலகுமாரன் ‘உடையார்’ என்று ஆறு பாகங்களில் எழுதினார். கல்கியின் வேகத்தை அதில் எதிர்பார்ப்போர் ஏமாறுவர்; அதன் நடை வேறு. இராஜேந்திரன் காலத்துக்கு அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இருக்கிறது. 1963இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற அந்நூலில், நாம் இளைஞராகக் கண்ட வந்தியத்தேவரை முதியவராகக் காணலாம். அதனையடுத்து, குலோத்துங்கன் அரியணை ஏறுவதற்கு முந்திய காலத்துக் கடற்போர்க் கதையாகச் சாண்டில்யனின் ‘கடல் புறா’ மூன்று பாகங்கள்.

இந்த வரிசையிலே இராஜேந்திரனை எட்டும்போது, அந்தமான் வாசகர் தம் வாசலுக்கு அருகே வந்துவிடுகிறார். 1025ஆம் ஆண்டளவில் அவன் கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசின்மேல் சென்றது. அப்போது கைக்கொண்ட இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலுள்ள அவனது மெய்க்கீர்த்தி வரிசையாகக் கூறுகிறது. அவற்றுள் மாநக்கவாரம் என்பது இன்றைய நிக்கோபார் தீவுகள். தோற்ற அந்தப் பேரரசை நினைவூட்டும் பெயரையே, ஸ்ரீ விஜயபுரம் என, போர்ட் பிளேர் நகரம் 2024 முதல் தாங்கி நிற்கிறது.